நிலுவையில் ஒன்று

"ரெண்டு பம்பு ஒண்ணுதான்னு நீங்க எப்படிச் சொல்லுவீங்க?" என்று பதிமூன்று வருடங்களுக்கு முன்பு வாசுகி தன் கணவனைக் கேட்டாள்.

சென்னியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்புசெட் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் அவனுக்கு வேலை. இந்தக் கேள்விக்கு அவன் யோசிக்கவே இல்லை.

"தண்ணிய எறைச்சுப் பாப்போம். ரெண்டும் ஒரே உசரத்துக்கு, ஒரே அளவு எறைச்சா ரெண்டும் ஒண்ணுதான். சீட்டு ஒட்டி அனுப்பிருவோம்."

"தொறந்து பாக்க மாட்டீங்களா?"

"எதுக்குத் தொறக்கறது? தொறந்து பாத்தா உலகத்துல எந்த ரெண்டு பம்பும் ஒண்ணா இருக்காது வாசு. ஒண்ணுல கம்பி ஒரு சுத்து கூட இருக்கும். இன்னொண்ணுல போல்ட்டு மாத்தியிருப்பான்."

"நாங்க தொறந்துதான் பாப்போம்" என்றாள் வாசுகி. அன்றுதான் அவளுக்குப் புது வேலைக்கான உத்தரவு வந்திருந்தது. "சாதாரணமா ரெண்டு பொருள் சமமான்னு தெரியணும்னா அந்தப் பொருளையே கேப்பாங்க. அது தான் காட்ட நெனைக்கறதை மட்டும் காட்டி, ஆமா இல்லைன்னு சொல்லும். நாங்க கேக்கறதில்லைங்க. உள்ள என்னென்ன அறை இருக்குதுன்னு எங்க புரோகிராமே பட்டியல் எடுத்துக்கும். ஒவ்வொரு அறையாத் தொறந்து, ரெண்டு பக்கமும் வெச்சுப் பாக்கும். எல்லாம் ஒத்துப்போனா சமம். ஒண்ணு மாறினாலும் சமமில்லை."

"பூட்டின அறையையுமா?"

"பூட்டினதையுந்தான்."

"அப்பறம் பூட்டு எதுக்கு?"

"எங்க கண்ணுக்கு உள்ள இருக்கறது தெரியாதுங்க. ஆமா, இல்லைன்னு மட்டுந்தான் சொல்லும்" என்றாள்.

சென்னியப்பன் கை கழுவ எழுந்தான். "நல்லவேளை, கல்யாணத்துக்கு முன்னாடி உனக்கு இந்த வேலை கெடைக்கல."

அவர்களுடைய மூன்று வயது மகள் தாரிணி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள்.

வாசுகி வேலைக்குச் சேர்ந்தது ஒப்பீட்டு நிலையத்தில். அங்கே ஒப்பிடப்பட்டவை பம்புகள் அல்ல, மனிதர்கள்.

அடிபட்ட மூளையைத் திரும்ப வளர்க்க மருத்துவம் கற்றிருந்தது. ஆனால் அதில் இருந்ததைத் திரும்ப வளர்க்க முடியாது. அதற்காகப் பெரியவர்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்து வைத்தார்கள். விபத்து நடந்தால், புதிதாக வளர்ந்த மூளையில் பழைய பிரதியை எழுதுவார்கள். எழுந்து உட்காருகிறவர் பழைய ஆள்தானா என்று நீதிமன்றத்துக்குத் தெரிய வேண்டும். அவருடைய கையெழுத்து செல்லுமா, கல்யாணம் செல்லுமா, நிலம் யாருடையது என்பதெல்லாம் அதைப் பொறுத்தது. பிரதியையும் ஆளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சொல் எழுதிக் கொடுப்பது நிலையத்தின் வேலை. உடம்பின் எடை, முடியின் நீளம், தேதி போன்ற தானே மாறுகிறவை மட்டும் விலக்குப் பட்டியலில் இருந்தன. மற்ற அறைகள் எல்லாம் பொருந்த வேண்டும்.

பெரும்பாலும் பொருந்தின. பொருந்தாமல் போனவர்களில் ஒருவர் பொள்ளாச்சியிலிருந்து வந்த தபால்காரர். ஏதோ ஒரு தெருவின் நினைவு இடம் மாறிவிட்டிருந்தது. சட்டப்படி அவர் புது ஆள் ஆனார். அவருடைய மனைவி அதே வாரத்தில் பதிவு அலுவலகத்தில் அவரை மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். அவருடைய அம்மா மட்டும் கடைசிவரை அவருக்குச் சோறு போட ஒத்துக்கொள்ளவில்லை. வாசுகி அந்த வழக்கை மறக்கவில்லை. விதியை மாற்றவும் சொல்லவில்லை.

பள்ளியில் சேர்க்கும்போது குழந்தைகளுக்கும் ஒரு பிரதி எடுப்பது வழக்கம். தாரிணிக்கும் ஐந்து வயதில் எடுத்தார்கள். ஏழு வயதில், ஒன்பது வருடங்களுக்கு முன்பு, காய்ச்சலில் அவள் இறந்துபோனாள். உடம்பு போன பிறகு பிரதியை எழுத இடம் கிடையாது. அது யாருக்கும் பயன்படாது. ஆனாலும் பெற்றோர் விரும்பினால் நிலையத்தின் கிடங்கில் வைத்திருப்பார்கள். வருடா வருடம் இருவரும் வந்து புதுப்பிப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போடாவிட்டாலும் பிரதி அழிக்கப்படும்.

மார்கழி முதல் வாரத்தில் அவர்கள் போவார்கள். சென்னியப்பன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வருவான். அவன் முதலில் கையெழுத்துப் போடுவான், வேகமாக. அடுத்து அவள், அதைவிட வேகமாக. பிறகு எதிரில் இருந்த கடையில் காபி குடித்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போவார்கள். எட்டு முறை போட்டாயிற்று. அந்தக் காபியின்போது அவர்கள் பேசியதில்லை. மற்ற நாட்களில் பேசியதும் தயிர் பாக்கெட்டைப் பற்றியும் மோட்டார் போடுவதைப் பற்றியும்தான்.

இந்த வருடம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பிய சென்னியப்பன் திடீரென்று அதை நிறுத்தினான்.

"வாசு, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இப்ப வேண்டாம். சாயங்காலம்."

மத்தியானம் இரண்டரை மணிக்குத் தொழிற்சாலையில் சோதனைக் குழாயின் இணைப்பு ஒன்று பிய்த்துக்கொண்டு அவன் பின்னந்தலையில் அடித்தது.

அவனுடைய கடைசிப் பிரதி தை மாதத்தில் எடுத்தது. கார்த்திகையில் அவன் கண் விழித்தபோது அவனுக்கு அது தை மாதமாக இருந்தது. பொங்கலுக்கு வாங்கிய கரும்பு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டான்.

உறவினர் ஒப்பீடு செய்யக்கூடாது என்பதால் வாசுகியின் பிரிவில் இருந்த ஜெசிந்தா அதைச் செய்தாள். பாளையங்கோட்டைக்காரி, வாசுகியைவிடப் பத்து வயது சின்னவள். நாலு கோடிச் சொச்சம் அறைகள். மூன்று நாள் ஓடியது. முடிந்ததும் மைசூர்பாவுடன் வந்தாள்.

"அண்ணன் நூத்துக்கு நூறுக்கா. ஒரு அறைகூட பிசகல."

"சரி" என்றாள் வாசுகி.

"என்னக்கா, சரின்னு முடிச்சிட்டீங்க? எங்க வீட்டுக்காரரையும் ஒருதடவ விட்டுப் பாக்கலாமான்னு இருக்கு. சமமில்லைன்னு வந்தா ஊருக்கே சாப்பாடு போடுவேன்."

சென்னியப்பன் வீட்டுக்கு வந்தான். அதே மாதிரி துண்டை உதறிக் காயப்போட்டான். அதே மாதிரி ரசத்துக்கு உப்பு கம்மி என்று சொல்லாமல் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டான். அதில் எதிலும் வாசுகிக்குச் சந்தேகம் வரவில்லை. பத்து நாள் பொறுத்து, அவன் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"எங்கிட்ட ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே."

"எப்ப?"

"அடிபட்ட அன்னைக்குக் காலைல."

"அந்த நாளே எங்கிட்ட இல்லியே வாசு."

"அதுக்கு முன்னாடி இருந்தே மனசுல இருந்திருக்கும்ல?"

உரித்துக்கொண்டிருந்த விரல் கொஞ்ச நேரம் நின்றது. "அப்படி ஒண்ணும் இல்ல" என்றான். பாதிப் பழத்தை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

தொழிலில் பதிமூன்று வருடம் இருந்தவளுக்கு விஷயம் தெளிவாகவே புரிந்தது. தை மாதத்து மனிதனும் இந்த மனிதனும் சமம். ஆவணி மாதத்தில் வண்டியை நிறுத்தியவனுக்கு எங்கேயும் பதிவு இல்லை. கேட்க நினைத்தவன் திரும்பி வந்திருக்கலாம். கேட்கத் துணிந்தவன் வரவில்லை.

என்ன கேட்க இருந்தான் என்பதும் தனக்குத் தெரியும் என்றே அவள் நினைத்தாள். பிரிந்துவிடலாம் என்று கேட்க இருந்தான். குழந்தையை இழந்த வீடுகளில் அது நடந்தது. அவர்கள் வீட்டில் ஒன்பது வருடம் நடக்காமல் இருந்ததுதான் ஆச்சரியம். அவன் தைரியம் வந்து கேட்க இருந்த நாளில் விழுந்தான். அந்தத் தைரியம் இல்லாத மனிதனை எழுப்பி அவளிடம் கொடுத்துவிட்டார்கள். போக நினைத்த ஒருவனைத் தெரிந்தே வீட்டில் வைத்திருப்பதாக இருந்தால் அது திருட்டு மாதிரி. அவளால் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

பிரதியில் நிலுவை என்று ஒரு பகுதி உண்டு. ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் வைத்திருப்பவை அங்கே இருக்கும். யார் பெயரில் எத்தனை இருக்கின்றன என்பது வரை ஊழியர்களுக்குத் தெரியும். எதை அதிகம் நினைத்தார்களோ அது மேலே இருக்கும். உள்ளே இருப்பதைப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, வழியும் இல்லை. ஆனால் எதையும் எதனோடும் ஒப்பிடலாம்.

ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் பிரிவு காலியாக இருந்தபோது, வாசுகி மறுசரிபார்ப்பு என்று காரணம் போட்டுக் கணவனின் பிரதியைத் திறந்தாள். அவள் பெயரில் பதினேழு இருந்தன. மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்தாள். மறுபக்கத்தில் "பிரிந்துவிடலாம்" என்று தட்டச்சு செய்தாள்.

சமமில்லை.

உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு லேசானது. பிறகு ஆசை விடவில்லை. "வேறு வீட்டுக்குப் போகலாம்" என்று அடித்தாள். சமமில்லை. "வேலையை விட்டுவிடு." சமமில்லை. "என் அம்மாவை இங்கே கூட்டி வருகிறேன்." சமமில்லை. "இன்னொரு குழந்தை." அதை அடிக்கக் கொஞ்சம் நேரமானது. அதுவும் சமமில்லை.

தன்னிடம் இருந்த ஒன்றை மட்டும் அவள் அடித்துப் பார்க்கவில்லை. அவளிடமும் அப்படி ஒன்று இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. அது தன்னுடையது என்பதால் அந்தப் பட்டியலில் சேரும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். தேங்காய் எண்ணெய் ஊற்றி, அப்பளம் பொரித்தாள். "என்ன விசேசம்?" என்றான் சென்னியப்பன். "ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

மறுநாள் காலை ஜெசிந்தா நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து அண்ணன் பிரதியத் தொறந்தீங்களாக்கா? பதிவுல வந்திருக்கு."

வாசுகி மறைக்கவில்லை. சொன்னாள். ஜெசிந்தா கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கோபப்படவில்லை.

"எழுத்தக் கொண்டுபோயி நெனப்போட ஒப்பிட்டிருக்கீங்களேக்கா."

வாசுகிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஆனாலும் ஜெசிந்தா சொல்லி முடித்தாள்.

"புரோகிராமோட மொத வரியிலேயே, ரெண்டும் ஒரே வகையான்னு பாக்கும்லா. நீங்க அடிச்சது எழுத்து. அங்க இருக்கது நெனப்பு. வகை வேறன்னதும் சமமில்லைன்னு சொல்லிட்டு வெளிய வந்திருக்கும். ஒரு அறையக்கூட தொறந்திருக்காது. நீங்க வணக்கம்னு அடிச்சாலும் அதான் வரும்."

அந்த முதல் வரியை எழுதியவள் வாசுகி. பதிமூன்று வருடங்களுக்கு முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதியது. வீணாக உள்ளே போய் நேரம் கழிக்கக்கூடாது என்பதற்காக.

"அப்ப அவரு பிரியலாம்னு கேக்க இருந்திருக்கலாம்" என்றாள்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இன்னும் உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுக்கா. அம்புட்டுதான்."

"நெனப்புக்கு நெனப்பு வேணும். வேற ஒருத்தரோடதுக்கு நான் எங்க போறது?"

"உங்க பிரதியே கெடக்கே" என்று சொல்லிவிட்டு ஜெசிந்தா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "வெளையாட்டுக்குச் சொன்னேன். வேண்டாம். அண்ணன்கிட்ட நேராவே கேட்டுருங்க."

"கேட்டாச்சு."

"திரும்பக் கேளுங்க. நாலு கோடி அறையத் தொறக்கத் தெரியுது. ஒரு மனுசரு வாயத் தொறக்க வைக்க முடியலியாக்கும்."

அதற்கு வாசுகி சிரித்தாள். ஜெசிந்தா எழுந்து போனாள்.

பத்தரை மணிக்கு வாசுகி இரண்டு பிரதிகளையும் திறந்தாள். சென்னியப்பனின் பிரதி, தன்னுடைய பிரதி. இரண்டிலும் நிலுவை. அவன் பக்கத்தில் அவள் பெயரில் மேலே இருந்தது ஒன்று. அவள் பக்கத்தில் அவன் பெயரில் மேலே இருந்தது ஒன்று. தன்னுடையதற்குள் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதை அவனுடையதோடு ஒப்பிட்டால் பொருந்தாது என்பதும் தெரியும். பொருந்தாமல் போனால் எதுவும் தெரிந்துவிடப் போவதில்லை. இருந்தாலும் ஒரு வகைக்கு ஒரு வகை, இதுதான் கையில் இருந்தது.

யாருடைய நினைப்பு, யாரிடம் சொல்ல வேண்டியது, எப்போது தோன்றியது ஆகிய மூன்று அறைகளையும் விலக்குப் பட்டியலில் சேர்த்தாள். அவை எப்படியும் பொருந்தாது. மற்ற எல்லாவற்றையும் திறக்கச் சொன்னாள்.

முதல் வரி கடந்தது. வகை ஒன்றுதான். உள்ளே போனது. ஒரு நிமிடத்துக்கும் மேல் ஆனது. இவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறதென்றால் ஒவ்வொரு அறையாகப் பொருந்திக்கொண்டே போகிறது என்று அர்த்தம். எங்காவது ஒன்று மாறியிருந்தால் அப்போதே வெளியே வந்திருக்கும். அவள் அதை எழுதியவள் என்பதால் முடிவு வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டாள்.

சமம்.

இடது பக்கத்தில் இருந்ததை வலது பக்கத்துக்கு மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டினாள். சமம் என்பது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரோகிராமில் பிழை. சமம் என்றே வந்தது. பிறகு பிரதியை விட்டுவிட்டு, கார்த்திகையில் ஜெசிந்தா எடுத்திருந்த, இப்போது வீட்டில் இருக்கிற சென்னியப்பனின் பதிவோடு ஒப்பிட்டாள். அதுவும் சமம்.

வாசுகி திரையை அணைத்தாள். தவறான பயன்பாட்டுக்கு என்று ஒரு பதிவேடு உண்டு. பதிமூன்று வருடத்தில் அதில் ஆறு பெயர்கள்தான் இருந்தன. ஏழாவதாகத் தன் பெயரை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த விஷயம்' என்று எழுதினாள். சாட்சிக் கையெழுத்துக்கு ஜெசிந்தாவிடம் கொண்டு போனாள்.

"ஆறு மாசம் உள்ள விட மாட்டாங்கக்கா. கிடங்குல உக்காத்தி வெச்சிருவாங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுக்க வேண்டியது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நல்லதா, கெட்டதா?"

"எனக்குத் தெரிஞ்சதுதான்" என்றாள் வாசுகி. ஜெசிந்தா அதற்கு மேல் கேட்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மார்கழி நாலாம் தேதி திங்கட்கிழமை. சென்னியப்பன் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி குட்டையாக வளர்ந்திருந்தது. புதுப்பிப்புப் பிரிவு நிலையத்தின் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த பக்கத்தில் இருந்தது. காலை பதினொரு மணி. வரிசையில் அவர்களுக்கு முன்னால் யாரும் இல்லை.

"ரெண்டு பேரும் வந்திருக்கீங்களா?" என்றார் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர். வாசுகியை அவருக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. இந்தக் கவுன்டரில் அதுதான் மரியாதை. சென்னியப்பனின் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "சமம்னு போட்டிருக்காங்க. உங்க கையெழுத்துச் செல்லும் சார். வழக்கம்போலப் போடலாம்."

படிவம் வந்தது. தாரிணி, வயது ஐந்து, பிரதி எண். கீழே இரண்டு கோடுகள்.

சென்னியப்பன் பேனாவை எடுத்தான். எப்போதும்போல வேகமாகப் போட்டுவிடத்தான் எடுத்தான். அதற்குள் ஒருமுறை மனைவியின் முகத்தைப் பார்த்தான். எட்டு வருடமாக அப்படிப் பார்த்திருக்கிறான் என்பது வாசுகிக்கு இப்போதுதான் தெரிந்தது. அவள் எப்போதும் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். இவளுக்கு இது வேண்டும் என்று நினைத்து அவனும், அவனுக்கு இது இல்லாமல் முடியாது என்று நினைத்து அவளும் கையெழுத்துப் போட்டு வந்திருந்தார்கள்.

பேனா காகிதத்தைத் தொடுவதற்கு முன்பு வாசுகி படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

"என்ன வாசு?"

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணுங்க."

"இங்கயா?"

"இங்கதான்."

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து, இல்லாத ஏதோ ஒரு கோப்பைத் தேடி அலமாரிப் பக்கம் போனார். வெளியே காபிக் கடையில் யாரோ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பன் பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை, நகர்த்தவும் இல்லை. ஆரஞ்சு உரித்த அன்று விரல் நின்ற மாதிரி அது நின்றிருந்தது.

தான் கேட்கப் போவது யாருடைய கேள்வி என்று இப்போது வாசுகிக்கே தெரியவில்லை. அதனால் ஒன்றும் மாறிவிடாது என்பது மட்டும் தெரிந்தது.

"இந்த வருசம் கையெழுத்துப் போட வேண்டாங்க" என்றாள். "பாப்பா போகட்டும்."